கப்பல் ஓரமாகப் போன காசு

தவறு என்றால் என்ன என்று முடிவு செய்வதற்கென்றே அரசாங்கம் ஒரு வாரியம் வைத்திருந்தது. பெயர், நாணயத் தவறு நிர்ணய வாரியம். காசு அடிக்கும் ஆலையில் அச்சு வழுக்கிப் பிறவியிலேயே கோணலாக வந்த காசு எது, வெளியே வந்த பிறகு அடிபட்டுக் கெட்டுப்போன காசு எது என்று பிரித்துச் சொல்வதுதான் அதன் வேலை. முதல் வகைக் காசுக்காகச் சேகரிப்பாளர்கள் பெண்டாட்டி நகையைக்கூட விற்பார்கள். இரண்டாவது வகையைத் தேநீர்க் கடையில்கூட வாங்கமாட்டார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். அதனால்தான் வாரியத்துக்கு மூன்று மாடிக் கட்டடம் தேவைப்பட்டது.

சாவிக்காரருக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. நடைபாதையில் ஒரு தகரக் கடை, அதில் இரும்பை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், நாலைந்து அரம், சுவரெல்லாம் தொங்கும் வெட்டாத சாவிகள், இதுதான் அவர் உலகம். சுபாவத்திலேயே பயந்தவர். சாவியைத் தொலைத்தவர்கள் பூட்டைத் திறக்கக் கூப்பிட்டால், வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து நின்றால்தான் பூட்டில் கை வைப்பார். போலீஸ்காரர் தெருவைக் கடந்து போனால், செய்யாத குற்றத்துக்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்.

அவர் மனைவி ஒரு பேரங்காடியில் கல்லாவில் உட்காருகிறவர். காசு அவர் விரலில் தண்ணீர் மாதிரி ஓடும். ஒரு நாள் அப்படி ஓடிய காசுகளில் ஒன்று விரலை உறுத்தியது. எல்லாக் காசிலும் நட்டநடுவில் ஒரு பாய்மரக் கப்பல் இருக்கும். இதில் கப்பல் வலது பக்கமாக நகர்ந்து, அதன் மூக்கு காசுக்கு வெளியே போயிருந்தது. இடது பக்கம் வெறும் உலோகம், வெட்டிப்போட்ட நகம் மாதிரி பிறையாகத் தெரிந்தது. தன் பையிலிருந்து நல்ல காசு ஒன்றைக் கல்லாவில் போட்டுவிட்டு இதை வீட்டுக்கு எடுத்து வந்தார்.

மைத்துனன் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். செல்போன் கடையில் வேலை பார்ப்பவன், வேலை நேரம் முழுக்க வீடியோ பார்த்தே அறிவை வளர்த்துக்கொண்டவன்.

"மாமா, இது அச்சு வழுக்கின காசு. இத வச்சு ஷட்டர் போட்ட கடையே வாங்கலாம். வாரியத்துல அசல்னு சொல்லிட்டா போதும்."

ஷட்டர் என்ற சொல்தான் சாவிக்காரரைக் கவிழ்த்தது. யாராவது பெரிய மனிதர் அந்த வழியாகக் காரில் போகப்போகிறார் என்றால் முதல் வேலையாக அவருடைய தகரக் கடையைத் தூக்கி லாரியில் போட்டுவிடுவார்கள். பிறகு அதைத் தேடி மீட்டுவர அவர் நாயாய் அலைய வேண்டும். ஊருக்கெல்லாம் பூட்டுத் திறக்கும் மனிதருக்குத் தன் கடையைப் பூட்ட ஒரு கதவு இல்லை. மனைவியும் அதையேதான் சொன்னார். போய்க் கேட்டால் என்ன, இல்லை என்றால் காசைத் திருப்பித் தரப்போகிறார்கள், அவ்வளவுதானே என்றார். சாவிக்காரருக்கு மனசே இல்லை. ஆனாலும் காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினார்.

வாசலில் காவலாளி, நாளைக்கு வாங்க என்றார். மறுநாள் போனார். அப்போதும் அதே பதில்தான். இன்றைக்கு வந்தவர்களை நாளைக்குத்தான் பார்ப்பார்கள், நாளைக்கு வந்தாலும் அது இன்றைக்கு வந்ததாகிவிடும் என்று காவலாளி பொறுமையாக விளக்கினார். குழந்தைக்குச் சொல்வது போல அவ்வளவு அன்பாகச் சொன்னதால் சாவிக்காரருக்குக் கோபம் வரவில்லை. ஒருநாள் காவலாளி சாப்பிடப் போயிருந்தார். அன்றைக்கு உள்ளே போய்விட்டார்.

கூடத்தில் பெஞ்சுகள். கைக்குட்டை முடிச்சோடு பலர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில், 'இங்கே காகிதம் கிடையாது' என்று பெருமையாக எழுதியிருந்தது. காகிதம் தொலைந்துபோகும், கறையான் அரிக்கும், ஆகையால் வாரியம் தன் தீர்ப்பைக் காசின் மேலேயே அடித்துக் கொடுக்கும் என்று கீழே விளக்கமும் இருந்தது. உள்ளேயிருந்து அவ்வப்போது சுத்தியல் சத்தம் கேட்டது. உள்ளே போன யாரும் அந்த வழியாகத் திரும்பி வரவில்லை. வேறு வாசல் இருக்கும் என்று சாவிக்காரர் தன்னைத் தேற்றிக்கொண்டார். உள்ளங்கை வியர்த்துக் கைக்குட்டை ஈரமாகிவிட்டது.

தவறுப் பிரிவில் ஓர் அதிகாரி கண்ணில் லென்ஸோடு உட்கார்ந்திருந்தார். லென்ஸைக் கழற்றிய பிறகும் அந்தக் கண் மட்டும் சுருங்கியே இருந்தது. நல்ல மனிதர் போலத்தான் பேசினார். கற்றுக்கொடுப்பதில் அவருக்கு அப்படியோர் ஆசை.

"ரொம்ப சுலபம். ஆலையில அச்சு வெடிச்சா, அந்த வெடிப்புக்குள்ள உலோகம் ஏறி காசுல மேடா நிக்கும். வெளிய வந்தப்புறம் எவனாவது கீறினா பள்ளம் விழும். மேடுன்னா அரசாங்கம். பள்ளம்னா பொதுஜனம். இது தெரியாமதான் ஊர்ல பாதிப் பேரு வந்து நிக்கறாங்க."

பிறகு, பேச்சுவாக்கில், என்ன தொழில் என்று கேட்டார்.

"சாவி போடறது சார்."

அதிகாரி லென்ஸை மேசையில் வைத்தார். அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

"வைஸ் இருக்கா?"

"இருக்கு சார்."

"அரம்?"

"அது இல்லாம எப்படி சார்."

சொல்லி முடித்ததும் தான் ஏதோ ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. எதை என்றுதான் தெரியவில்லை.

அதிகாரி இப்போது வேறு பாடத்துக்குப் போனார். களவாணிப் பயல்கள் நல்ல காசை எடுத்து எப்படி அச்சு வழுக்கினது போலச் செய்வார்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னார். முதலில் இடது பக்கத்தை அரத்தால் பிறையாக வழிக்க வேண்டும். வலது பக்கத்தில் கப்பலின் மூக்கை மட்டும் பட்டும் படாமல் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு இரண்டு தோல் துண்டுகளுக்கு நடுவே காசை வைத்து வைஸில் மெதுவாக இறுக்கினால் அரம் பட்ட கோடு மறையும். கடைசியில் சாம்பல் போட்டுத் துடைத்தால் பழசாகிவிடும். எடை மட்டும் குறையும், அங்கேதான் மாட்டுவார்கள் என்றார். ஒவ்வொரு கட்டத்தையும் கையாலேயே நடித்துக் காட்டினார். முடிவில், அப்படித்தானே செய்தீர்கள் என்று கேட்டார். சாவிக்காரர் பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்தார். அவருக்குப் பிள்ளை கிடையாது; பயத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

அதிகாரி காசை மேசையோடு திருகி வைத்திருந்த தராசில் போட்டார். எடை சரியாக இருந்தது. லென்ஸை மாட்டிக்கொண்டு பிறையைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரத்தின் கோடு ஒன்றுகூட இல்லை. உலோகம் ஆலையின் அடி பட்டுத் தானாக ஒதுங்கி வழிந்திருந்தது. அதிகாரியின் முகம் மலர்ந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தேடிய பொருள் கையில் வந்த மலர்ச்சி அது. "அசல் தவறு," என்று முணுமுணுத்தார்.

அடுத்த நிமிடமே முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

தவறான காசு ஒன்றுகூட ஆலையை விட்டு வெளியே போகாது என்றார் அவர். எல்லாவற்றையும் அங்கேயே உருக்கிவிடுவார்கள். அதுதான் விதி. விதிப்படி வெளியே போக முடியாத காசு வெளியே இருக்கிறது என்றால் அது திருட்டுப் போயிருக்கிறது. திருட்டுப் பொருள் யார் கைக்குட்டையில் இருந்ததோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"கல்லாவுல வந்துச்சு சார். என் சம்சாரம்..." என்று ஆரம்பித்த சாவிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளை ஏன் இழுத்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். காசே வேண்டாம், விட்டால் போதும், போய்விடுகிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். பார்த்த காசைப் பார்க்காததாக ஆக்க முடியாது என்று சொல்லிவிட்டு, அதிகாரி ஓர் எஃகு முத்திரையைக் கப்பலின் பாய் மேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். 'அ' என்று பதிந்தது. அசல் என்பதற்கு அடையாளமாம்.

அங்கிருந்து சேதப் பிரிவுக்கு அனுப்பினார்கள். திருட்டு வழக்குப் போடுவதற்கு முன் காசு சேதமில்லாமல் இருக்கிறது என்று அந்தப் பிரிவு சொல்ல வேண்டுமாம். அங்கே ஓர் அம்மையார் இருந்தார். காசை வாங்கி ஒரு பார்வைதான் பார்த்தார்.

"யாரோ குத்தியிருக்காங்க. பள்ளம்."

அது உங்கள் ஆபீஸில் இப்போதுதான் அடித்தது, அந்த அறையில், அந்தச் சார், என்று சாவிக்காரர் தடுமாறிக்கொண்டே சொன்னார். அம்மையார் சிரித்தார். தவறுப் பிரிவு சேதமான காசைத் தொடவே தொடாது, இது சேதமான காசு, ஆகவே தவறுப் பிரிவு இதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை என்றார். அரசாங்கக் காசைச் சேதப்படுத்துவது பெரிய குற்றம் என்பதையும் நினைவூட்டினார். பிறகு தன் முத்திரையை எடுத்து, சேதம் என்பதற்கு அடையாளமாக 'சே' என்று கப்பலின் நடுவில் அடித்தார். கப்பலில் இப்போது பாதிதான் மிச்சம்.

சாவிக்காரரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் ஒரு சாக்குப் பையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து மேசை மேல் வைத்தார்கள். பிரித்தால் அவருடைய வைஸ். பிடியில் அவர் சுற்றிய நீலத் துணிகூட அப்படியே இருந்தது. காலையில்கூட அதில் யாரோ ஒருவரின் அலமாரிச் சாவியை அறுத்திருந்தார். அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற தாயைப் போலீஸ் ஸ்டேஷனில் பார்த்தது போல இருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, கடையில ஆளுங்க வந்து வைஸ எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். நீங்க எங்க இருக்கீங்க?"

இங்கேதான், வந்துவிடுகிறேன் என்று சொன்னார். வந்துவிடுவோமா என்று அவருக்கே தெரியவில்லை.

அம்மையார் எதிரே வந்து உட்கார்ந்து மிகவும் மரியாதையாகப் பேசினார். காசு அசல் என்றால் திருட்டு. அசல் இல்லை என்றால் சேதம். இரண்டு பிரிவும் தீர்ப்புச் சொல்லிவிட்டதால் இரண்டுமே உண்மை. ஆனால் ஒரு காசுக்கு ஒரு குற்றம்தான் போட முடியும். "நாங்க யாரையும் வற்புறுத்தறதில்ல. உங்களுக்கு எது வசதியோ யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டுக்கும் உள்ளதான் போகணும், ஆனா சேதத்துக்குக் காத்து வர்ற அறையா குடுப்பாங்க."

சாவிக்காரர் யோசிக்கத்தான் பார்த்தார். திருடன் என்றால் இனி யாராவது வீட்டுப் பூட்டைத் திறக்கக் கூப்பிடுவார்களா? சேதம் என்றால் வைஸைத் திருப்பித் தருவார்களா? எதைச் சொன்னாலும் மனைவியின் கல்லாவுக்கு ஆள் போகுமா? கடைசிக் கேள்வியில்தான் அவர் அழுதார். அழுகிறவர்களை இயக்குநரிடம் அனுப்ப வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. அனுப்பினார்கள்.

இயக்குநரின் அறையில் ஜன்னல் இருந்தது. தேநீர் கொடுத்தார். பிஸ்கட் கொடுத்தார். இதுவரை யாரும் இவ்வளவு அன்பாக நடந்துகொள்ளாததால் சாவிக்காரருக்கு இங்கேதான் அதிகப் பயமாக இருந்தது.

"நம்ம வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு அசல் தவறுகூடக் கண்டுபிடிச்சதில்ல. அதுதான் எங்க சாதனை. கண்டுபிடிச்சா ஆலை தப்புப் பண்ணுச்சுன்னு ஆயிடும். ஆலைத் தலைவர் என் சம்பந்தி. தவறே இல்லேன்னு சொல்லிட்டாலும் வாரியம் எதுக்குன்னு கேப்பாங்க. அதனால தேடிக்கிட்டே இருக்கோம். தேடறதுதான் சேவை. கிடைக்கறதெல்லாம் ஒரு சேவையா?"

இப்படிச் சொல்லிவிட்டு அவர் காசை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். சாவிக்காரர் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டார்.

"கப்பல்னா ஓடணுமா, நிக்கணுமா?"

"ஓடணும் சார்."

"ஓடற கப்பல் நடுவுல இருக்குமா? ஓரமா, வெளிய போற மாதிரித்தானே இருக்கும். மூக்கு வெளிய போயிருக்கு பாருங்க. அப்போ இது போய்க்கிட்டிருக்கிற கப்பல். இதுல தப்பே இல்ல. இது சரியான காசு."

சரியான காசு என்றால் திருட்டும் இல்லை, சேதமும் இல்லை. யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. இயக்குநர் அறிவாளிதான். சாவிக்காரருக்கு உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில், தேநீரும் உள்ளே போன தைரியத்தில், பேசாமல் எழுந்து வந்திருக்க வேண்டிய மனிதர் வாயைத் திறந்துவிட்டார்.

"அப்போ மத்த காசெல்லாம் தப்பா சார்?"

இயக்குநர் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது.

"நல்ல கேள்வி," என்றார். மேசை மணியை அடித்து இரண்டு பிரிவையும் கூப்பிட்டார்.

சாவிக்காரரிடம் வைஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். காசில் மூன்றாவதாக, சரி என்பதற்கு அடையாளமாக, 'ச' என்று அடித்துக் கொடுத்தார்கள். பின்பக்கம் உண்மையாகவே ஒரு வாசல் இருந்தது. சாக்குப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

சீக்கிரமே அறிவிப்பு வந்தது. ரேடியோவில் சொன்னார்கள், சுவரில் ஒட்டினார்கள். சரியான காசில் கப்பல் ஓரமாக இருக்கும். நடுவில் கப்பல் நிற்கும் காசு வைத்திருப்பவர்கள் ஒன்று அதை ஆலையிலிருந்து திருடியிருக்க வேண்டும், அல்லது வீட்டில் வைத்துக் கப்பலை நடுவுக்குத் தள்ளியிருக்க வேண்டும். வாரியம் தெருத் தெருவாக வந்து சோதிக்கும்.

ஊரில் யார் வீட்டில்தான் காசு இல்லை? பேருந்தில் காசை நீட்டினால் நடத்துநர் கையை உதறினார். தேநீர்க் கடைக்காரர் கல்லாப் பெட்டியை ஈரத் துணி போட்டு மூடி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு வியாபாரம் செய்தார். ஒருவர் தன் காசையெல்லாம் சாக்கடையில் போட்டார். போட்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களோ என்று பயந்து மறுபடி இறங்கிப் பொறுக்கினார். மைத்துனன் வீடியோ பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

மக்கள் சாவிக்கடைக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் சாவி போடுகிற மாதிரி வந்து நிற்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணே, கப்பல கொஞ்சம் நகத்திக் குடுங்களேன்," என்பார்கள். சாவிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். அது பெரிய குற்றம், எனக்குத் தெரியாது, போங்கள் என்று விரட்டினார். கடைசியில் பாதி நாளிலேயே கடையைக் கட்டி, வைஸையும் அரங்களையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மத்தியானம் மனைவி வந்தார். வேலை முடிகிற நேரமே இல்லை. தோளில் ஒரு கனத்த பை. உள்ளே வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டார். அது பழைய தாழ்ப்பாள், திருகு தேய்ந்து எப்போதும் லொடலொடவென்று ஆடும். ஊர்த் தாழ்ப்பாளெல்லாம் சரி செய்கிற மனிதர் வீட்டுத் தாழ்ப்பாள் அப்படித்தான் இருக்கும்.

"கல்லாவுல இருந்ததெல்லாம் நடுக்கப்பல். யார் கல்லாவோ அவங்கதான் பொறுப்புன்னு மேனேஜர் கையில குடுத்துட்டாரு. நாளைக்கு எங்க கடையில சோதனை." சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்குங்க."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் சொல்லிச் சாவிக்காரர் கேட்டதில்லை. வீட்டில் பயப்படுவது அவருடைய வேலை, தைரியம் சொல்வது மனைவியுடைய வேலை. அந்த ஏற்பாடு இன்றைக்குக் குலைந்துவிட்டது. அவர் எழுந்து ஜன்னல் துணியை இழுத்துவிட்டு, வைஸைக் கொண்டுவந்து தரையில் வைத்தார்.

எப்படிச் செய்வது என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. லென்ஸ் அதிகாரி சொல்லிக்கொடுத்தது அத்தனையும் வரிசையாக நினைவில் இருந்தது. பயத்தில் கேட்ட பாடம் மறக்குமா? இடது பக்கம் பிறை. வலது பக்கம் மூக்கு. தோல் துண்டு, வைஸ், சாம்பல். அவர் தேய்த்தார், மனைவி துடைத்தார். முதல் காசில் அரம் சறுக்கியது. அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டதே என்று மறுபடி பயந்தார்.

பேரங்காடியில் சோதனை சுமுகமாக முடிந்தது. ஒரு கல்லாவில் மட்டும் அத்தனை காசும் சரியாக இருந்ததாக வாரியமே பாராட்டியது. அதன் பிறகு தெருக்காரர்களை விரட்ட அவரால் முடியவில்லை. உங்கள் வீட்டம்மா கல்லாவில் மட்டும் எப்படி என்று அவர்கள் கேட்கவில்லை, கேட்காமல் நின்றார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

தெருவுக்குச் சோதனைக்கு வந்தது அந்த லென்ஸ் அதிகாரியேதான். கூட ஒரு பியூன். தராசை மேசையோடு திருகியிருந்ததால் கொண்டுவர முடியவில்லை. வீடு வீடாகக் காசுகளை வாங்கி லென்ஸில் பார்த்தார். "அசல். அசல். இதுவும் அசல். அடேயப்பா, எவ்வளவு அழகா வழிஞ்சிருக்கு பாருங்க." சாவிக்காரரின் அரம் பட்ட காசு ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டினார். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் சாவிக்காரரின் உயிர் போய்ப் போய் வந்தது.

கடைசியாகச் சாவிக்கடைக்கு வந்து, அவருடைய காசு எங்கே என்று கேட்டார். சாவிக்காரர் அந்த ஒரு காசை, பிறவியிலேயே கோணலான அந்தக் காசை, கொஞ்சம் நம்பிக்கையோடுதான் நீட்டினார். அவர் கை வைக்காத காசு அது ஒன்றுதான்.

அதிகாரி பார்த்தார். மூன்று முத்திரை.

"பள்ளம்," என்றார். "பள்ளம், பள்ளம். யாரு குத்தினது இத?"

"நீங்கதான் சார். அன்னிக்கு. அந்த 'அ' உங்களோடது."

"நாங்க காசுல கையே வைக்கறதில்லையே. காகிதத்துக்கு மாறிட்டோம். காசுல அடிச்சா காசு சேதமாகுதுன்னு ஆய்வுல தெரிய வந்துச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. அந்தச் சுருங்கிய கண்ணில் துளிச் சந்தேகம்கூட இல்லாததைப் பார்த்துத்தான் சாவிக்காரர் அதிகம் பயந்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று வைஸைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி பியூனைத் தேநீர் வாங்கிவர அனுப்பினார். அவன் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வேலை மேசையில் வைத்தார். உள்ளே முழுக்க நடுக்கப்பல்.

"எனக்கும் சம்பளம் இந்தக் காசுலதான் குடுத்தாங்க. அடுத்தது வாரியத்துக்காரங்க வீட்டுல சோதனையாம்." எச்சிலை விழுங்கினார். "தெருவுல எல்லாரும் உங்களத்தான் சொல்றாங்க."

இத்தனை நாளும் தன்னைப் பயமுறுத்தியவர் தன்னைவிட அதிகமாகப் பயந்துபோய் நிற்பதைப் பார்த்தால் ஆறுதலாக இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். சாவிக்காரருக்கு அப்படி இல்லை. மேலே இருப்பவருக்கே இந்தக் கதி என்றால் யாரிடம் போய் அழுவது என்றுதான் தோன்றியது. டப்பாவை வாங்கிக்கொண்டார். செய்து கொடுத்தபோது அதிகாரி ஒவ்வொன்றையும் பழக்க தோஷத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தார். அசல் என்று மனசாரச் சொன்னார். மூன்று முத்திரைக் காசை மட்டும் மேசையில் தள்ளி வைத்து, "இந்தப் போலிய வச்சிக்காதீங்க, யாராவது பாத்தா வம்பு," என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

வைத்துக்கொள்ளவும் பயம், தூக்கி எறியவும் பயம். மனைவிதான் வழி சொன்னார். சாவிக்காரர் அந்தக் காசின் நடுவில் துளை போட்டு, வீட்டுத் தாழ்ப்பாளின் திருகுக்கு வாஷராக மாட்டி, மேலே பெயின்ட் அடித்துவிட்டார். ஷட்டர் போட்ட கடை ஆகியிருக்க வேண்டிய காசு. தாழ்ப்பாளின் ஆட்டம் நின்றது.

சில வாரம் நிம்மதியாகப் போனது. அதற்குள் ஆலையில் சரியான காசு அடிக்க முயற்சி செய்தார்கள். கப்பலை வேண்டுமென்றே ஓரமாக வைத்து அடித்ததில் அச்சுகள் ஒன்றோடொன்று மோதி வெடித்தன. ஒரு தவறை ஒழுங்காகச் செய்ய ஆலைக்குத் தெரியவில்லை. சம்பந்திகளுக்குள் பேச்சு நடந்திருக்க வேண்டும். மத்தியான ரேடியோவில் புது அறிவிப்பு வந்தது. சரியான காசில் கப்பல் நடுவில்தான் இருக்கும். ஓரமாக இருப்பதெல்லாம் திருட்டு, அல்லது சேதம். இந்த முறை எடையும் போட்டுப் பார்ப்பார்கள்.

சாவிக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை தட்டிலேயே நின்றுவிட்டது. தெரு முழுக்க, பேரங்காடி முழுக்க, ஊரில் எத்தனை கைகளில் அவருடைய அரம் பட்ட காசு ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தார். எல்லாம் எடை குறைந்த காசு. மனைவி அவர் முகத்தைப் பார்த்தார், அவர் மனைவி முகத்தைப் பார்த்தார். அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

திறக்க வேண்டாம் என்று மனைவி கையைப் பிடித்தார். திறக்காமல் இருக்கவும் அவருக்குப் பயமாக இருந்தது. திறந்தார்.

லென்ஸ் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். பியூன் இல்லை. முகமெல்லாம் வியர்வை. இரண்டு கையாலும் அந்த பிஸ்கட் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"இத..." என்றார். "திரும்ப நடுவுல கொண்டுவரணும்."

தேய்த்து எடுத்த உலோகம் திரும்ப வராது. வழித்த பிறையில் விளிம்பு முளைக்காது. மூக்கறுந்த கப்பல் எந்தப் பக்கமும் நகராது. காசையே வாழ்நாளெல்லாம் பார்த்த மனிதருக்கு அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? முடியாது என்று சொல்லத்தான் சாவிக்காரர் வாயைத் திறந்தார். முடியாது என்றால் இந்த மனிதர் நேரே வாரியத்துக்குப் போவார். முடியும் என்றால் தெருவே வந்து நிற்கும். திருட்டா, சேதமா என்று கேட்ட அதே மேசை கண் முன்னால் வந்தது. அவர் யோசிக்காமலேயே வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது.

"நாளைக்கு வாங்க சார்."

அதிகாரி ஆச்சரியப்படவில்லை. மாறாக, முகத்தில் கொஞ்சம் தெளிவுகூட வந்தது. சரி என்று தலையாட்டினார். காலையிலேயே வரலாமா என்று பணிவாகக் கேட்டார். வாங்க என்றார் சாவிக்காரர். டப்பாவை அணைத்தபடி அதிகாரி தெருவில் இறங்கி நடந்தார். எதிரே இன்னும் நாலைந்து பேர் மடியை, பையை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

சாவிக்காரர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். அது ஆடாமல் இறுகப் பிடித்துக்கொண்டது.